பாரிஸ் ஓபரா பாலே பார்த்தவர்கள் ஏன் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாரிஸ் ஓபரா பாலே குழுவின் நிகழ்ச்சிக்குப் போய் வந்த இரண்டு பேரிடம் எப்படி இருந்தது என்று கேளுங்கள். ஒருவர் "இப்படி ஒரு ஜிசெல்லை நான் பார்த்ததே இல்லை" என்பார் (ஜிசெல் ஒரு பாலேயின் பெயர், அதன் நாயகியின் பெயரும் அதுவே). இன்னொருவர் "எல்லாம் சுத்தமாக இருந்தது, மனசைத்தான் தொடவில்லை" என்பார். முதல் தடவை டிக்கெட் எடுக்கப் போகிறவர்களும், ஓரிரு முறை பார்த்துவிட்டு மேலே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்களும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். இந்தக் குழுவை ரொம்பப் பிடித்துப்போன ஒருவர் எழுதுகிற பதில்கள் என்பதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில், இது என்ன குழு?

உலகின் மிகப் பழைய பாலே குழு. பதினான்காம் லூயி மன்னர் 1661-இல் தொடங்கிய அரச நடனக் கழகத்திலிருந்து இதன் கதை ஆரம்பிக்கிறது. 1713-இல் இதற்கென்று ஒரு நடனப் பள்ளி வந்தது. அந்தப் பள்ளி இன்றும் இயங்குகிறது, குழுவில் இருப்பவர்களில் பெரும்பாலோர் அங்கே படித்தவர்கள்தான். மொத்தம் 150 பேருக்கு மேல் ஆடுகிறார்கள். மேடைகள் இரண்டு. ஒன்று 1875-இல் திறந்த பலே கார்னியே, தங்க முலாமும் பளிங்குப் படிக்கட்டுமாக இருக்கும் பழைய கட்டடம். மற்றது 1989-இல் திறந்த ஓபரா பாஸ்டில்.

ஒரே பாலே, ஒரே வாரம். அப்படியிருந்தும் கருத்துகள் ஏன் இவ்வளவு மாறுகின்றன?

பல சமயம் இரண்டு பேரும் ஒரே நிகழ்ச்சியைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். ஒரு பெரிய பாலேயைப் பல வாரங்களுக்குத் தொடர்ந்து போடுவார்கள். முக்கிய வேடங்களை நான்கைந்து ஜோடிகள் மாறி மாறி ஆடுவார்கள். செவ்வாய்க்கிழமை ஆடிய ஜிசெல்லும் வியாழக்கிழமை ஆடிய ஜிசெல்லும் வேறு வேறு ஆட்கள். யாருக்காவது காலில் அடிபட்டால் கடைசி நேரத்தில் பெயர் மாறும். அப்படி மாறி வந்தவர், கூட ஆடுபவரோடு சரியாக ஒத்திகை பார்க்க நேரமில்லாமல்கூட மேடை ஏறியிருக்கலாம். அதனால் யாராவது "பாரிஸில் ஸ்வான் லேக் சுமார்தான்" என்றால், நான் முதலில் கேட்பது "எந்த நாள்? யார் ஆடினார்கள்?" என்றுதான்.

இசையையும் மறந்துவிடக் கூடாது. கீழே குழியில் உட்கார்ந்து ஆர்கெஸ்ட்ரா நேரடியாக வாசிக்கும். இசையை நடத்துபவர் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தால், ஒற்றைக் காலில் நின்று சமநிலை காட்டும் பெண்ணுக்கு அந்த இரண்டு விநாடி ஒரு யுகம். கொஞ்சம் விரட்டினால், காற்றில் முழுதாக விரிய வேண்டிய தாவல் பாதியில் இறங்கிவிடும். பார்க்கிறவருக்கு ஆடியவரின் குறையாகத்தான் அது தெரியும்.

எங்கே உட்கார்கிறோம் என்பதால் கருத்து மாறுமா?

ரொம்பவே மாறும். பலே கார்னியே குதிரை லாட வடிவ அரங்கம். அந்தக் காலத்தில் மேடையைப் பார்ப்பதற்கு எவ்வளவு இடம் கொடுத்தார்களோ, எதிர்ப் பெட்டியில் (சில நாற்காலிகள் மட்டும் உள்ள தடுப்பறை) யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்ப்பதற்கும் அவ்வளவு இடம் கொடுத்துக் கட்டியிருக்கிறார்கள். பக்கவாட்டுப் பெட்டிகளின் பின் நாற்காலியில் உட்கார்ந்தால் மேடையில் ஒரு பக்கம் மறைந்துபோகும், எழுந்து நின்றுதான் பார்க்க வேண்டியிருக்கும். விலை குறைவாக இருந்தால் ஏன் குறைவு என்று பார்த்துவிட்டு எடுங்கள்.

கீழ்த்தளத்தில் முன்வரிசையில் இருந்தால் முகபாவம், மூச்சு, விரல் நுனியில் நிற்பதற்காகப் போடும் பாயிண்ட் ஷூ தரையில் படும் சத்தம் எல்லாம் கிடைக்கும். கூட்டமாக ஆடுபவர்கள் போடும் கோலம் மட்டும் தெரியாது. மேல் மாடியின் நடுவில் இருந்தால் அந்தக் கோலம் முழுதாகத் தெரியும், ஆனால் கண்ணீர் தெரியாது. ஜிசெல்லின் முதல் அங்கத்தை அருகிலிருந்தும் இரண்டாம் அங்கத்தை மேலேயிருந்தும் பார்க்க முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்குப் பல தடவை தோன்றியிருக்கிறது.

இன்னொரு சங்கதி: கார்னியேவின் மேடை சமதளம் அல்ல, பார்வையாளர் பக்கமாக ஐந்து சதவீதம் சரிந்திருக்கும். இந்தக் குழுவினருக்கு அது பழக்கம். வெளியூரிலிருந்து விருந்தினராக வந்து ஆடுபவர் ஒரு சுழற்சியில் தடுமாறினால், உடனே திறமையைச் சந்தேகிக்க வேண்டாம்.

'எத்வால்' என்கிறார்களே, அது என்ன?

குழுவின் உச்சப் பதவி. கீழேயிருந்து கத்ரீ, கொரிஃபே, சுஜே, பிரமியே தான்சர் என்று படிகள், அதற்கு மேலே எத்வால். கீழ்ப்படிகளில் ஏறுவதற்கு ஆண்டுதோறும் நடுவர்களுக்கு முன்னால் போட்டித் தேர்வு உண்டு. எத்வாலுக்குத் தேர்வு கிடையாது, நிர்வாகம் நியமிக்கும். பெரும்பாலும் நிகழ்ச்சி முடிந்து திரை மறுபடி உயர்ந்ததும், இயக்குநர் மேடைக்கு வந்து பெயரை அறிவிப்பார். வியர்வையோடு நின்றுகொண்டிருக்கும் அந்த ஆள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுவதை அரங்கமே பார்க்கும். அதற்கு நேரில் சாட்சியாக இருந்தவர்கள் வருடக்கணக்கில் அதைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

சில்வி கியெம் 1984-இல் ஸ்வான் லேக் ஆடி முடித்த இரவில், 19 வயதில் எத்வால் ஆனார். தென்கொரியாவில் பிறந்த பார்க் சே-உன் 2021 ஜூனில் ரோமியோ ஜூலியட்டுக்குப் பிறகு இந்தப் பதவிக்கு வந்தார், ஆசியாவிலிருந்து வந்த முதல் எத்வால் அவர். கியோம் தியோப் 2023 மார்ச்சில், குழு சியோலுக்குப் போய் ஜிசெல் ஆடியபோது அறிவிக்கப்பட்டார். சுஜே நிலையிலிருந்து ஒரு படியைத் தாண்டி நேராக எத்வால். இந்தக் குழுவின் முதல் கறுப்பின எத்வாலும் அவர்தான்.

அப்படியானால் எத்வால் ஆடும் நாளுக்குத்தான் டிக்கெட் எடுக்க வேண்டுமா?

தேவையில்லை. எத்வால் ஆடினால் ஒரு தரம் உறுதி, சரி. ஆனால் ஒரு சுஜே முதல் தடவையாகப் பெரிய வேடம் ஏற்கும் மதியக் காட்சி தரும் பரபரப்பு வேறு. அவருக்கு அடுத்த வாய்ப்பு எப்போது என்று தெரியாது. பக்கவாட்டில் சக ஆட்டக்காரர்கள் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். தியோப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். அவர் எத்வால் ஆவதற்கு முன்பே, இளையவராக இருக்கும்போதே பெரிய வேடங்களில் ஆடிப் பார்வையாளர்களைச் சம்பாதித்துவிட்டார். பதவி பின்னால் வந்தது.

"பாரிஸ்காரர்கள் அழகாக ஆடுகிறார்கள், ஆனால் உணர்ச்சியே இல்லை" என்று நிறையப் பேர் சொல்கிறார்களே?

இந்தக் குழுவைப் பற்றி அதிகம் கேட்கும் குறை இதுதான். இதற்குக் கொஞ்சம் விளக்கமாகவே பதில் சொல்ல வேண்டும்.

பிரெஞ்சுப் பள்ளி கற்றுக்கொடுக்கும் முதல் ஒழுக்கம், கஷ்டத்தை வெளியே காட்டாதே என்பது. ரஷ்யக் குழுக்களில் முதுகு வில்லாக வளையும், தாவல் மேடையைக் குறுக்கே விழுங்கும், தலை பின்னால் சாயும். நியூயார்க்கில் வேகமும் துணிச்சலும்தான் முதலில் கண்ணில் படும். பாரிஸில் நீங்கள் பார்க்க வேண்டியது கணுக்காலுக்குக் கீழே. காற்றில் இருக்கும் அரை நொடியில் இரண்டு பாதங்களும் ஒன்றோடொன்று அடித்துப் பிரியும் சின்னச் சின்னத் தாவல்களை இவர்கள் மாதிரி சுத்தமாகச் செய்பவர்கள் குறைவு. தரையில் இறங்கும்போது குதிகால் சத்தமில்லாமல் வைப்பார்கள். தோள் லேசாகத் திரும்பும், கண் அந்தப் பக்கம் போகும், கை அதற்குப் பிறகுதான் வரும். இந்த வரிசையைக் கவனிக்க ஆரம்பித்துவிட்டால், குளிர்ச்சி என்று சொன்ன இடத்தில் எவ்வளவு நடக்கிறது என்று புரியும்.

குறை முழுக்கப் பொய் என்றும் நான் சொல்ல மாட்டேன். சில இரவுகளில் ஸ்டெப் எல்லாம் பரீட்சைத் தாள் மாதிரி பிழையில்லாமல் இருக்கும், கதை மட்டும் காணாமல் போயிருக்கும். சிறு வயதிலிருந்தே தேர்வு, தேர்வு என்று வளர்ந்த உடம்புகள். தப்பு செய்யக் கூடாது என்ற பயம் சிலரிடம் கடைசிவரை போவதில்லை. அந்தப் பயத்தைத் தாண்டி வந்தவர்கள்தான் நம் மனதில் நிற்கிறார்கள்.

நியூயார்க்கில் பெயர் பெற்ற நடன அமைப்பாளர் ஜார்ஜ் பாலன்சினின் படைப்புகளை இவர்கள் ஆடும்போது இதே விவாதம் மறுபடி கிளம்பும். நியூயார்க்கில் பார்த்துப் பழகியவர்கள் "இது மெதுவாக இருக்கிறது, ரொம்ப நாசூக்கு" என்பார்கள். ஆனால் அவர் 1947-இல் 'பலே த கிரிஸ்டல்' என்ற படைப்பை இந்தக் குழுவுக்காகத்தான் அமைத்தார் என்பதையும் நினைத்துப் பாருங்கள். 'ஜுவல்ஸ்' பாலேயின் பச்சை நிற முதல் பகுதியைப் பாரிஸ்காரர்கள் ஆடும்போது, அந்த நாசூக்கு அதற்கென்றே அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தும்.

ருடால்ஃப் நூரியேவின் படைப்புகளில் "மூச்சுவிட நேரமில்லாமல் ஸ்டெப்" என்று சொல்கிறார்கள். உண்மையா?

உண்மைதான். நூரியேவ் 1983 முதல் 1989 வரை இங்கே நடன இயக்குநராக இருந்தார். ஸ்வான் லேக், நட்கிராக்கர், ஸ்லீப்பிங் பியூட்டி, டான் கிஹோத்தே, ரேமோண்டா என்று குழுவின் பெரிய பாலேக்கள் பலவும் இன்றும் அவர் அமைத்த வடிவத்தில்தான் ஆடப்படுகின்றன. இசையில் எங்கே ஒரு சின்ன ஓசை வருகிறதோ அங்கே ஒரு ஸ்டெப் வைப்பார். வலப்பக்கம் செய்ததை உடனே இடப்பக்கமும் செய்ய வைப்பார். ஆண்களுக்கு மெதுவான தனி ஆட்டங்களைக் கொடுத்தார், அதற்கு முன் பழைய பாலேக்களில் அவர்களுக்குப் பெண்ணைத் தூக்கிப் பிடிக்கும் வேலைதான் அதிகம்.

இதைச் சிலர் நெரிசல் என்கிறார்கள். எனக்கு அவர் வடிவமைத்த ஸ்வான் லேக் இளவரசன் ரொம்பப் பிடிக்கும். என்ன செய்வதென்று தெரியாத ஒருவனின் தவிப்பு அந்த மெதுவான தனி ஆட்டத்தில் தெரியும். ஆனால் களைத்த காலோடு ஒருவர் நூரியேவை ஆடும்போது பார்த்தால், நெரிசல் என்று சொல்பவர்களோடு நானும் சேர்ந்துகொள்வேன்.

ஸ்வான் லேக்கில் அந்த 32 சுழற்சிகளை எண்ண வேண்டுமா?

எண்ணாதீர்கள். ஒற்றைக் காலில் நின்று மற்ற காலைச் சாட்டையாக வீசிச் சுழலும் அந்த 32 சுழற்சியை 1895-இல் ஸ்வான் லேக்கில் கொண்டுவந்தவர் பியரினா லென்யானி என்ற இத்தாலியக் கலைஞர். அன்றிலிருந்து பார்வையாளர்கள் எண்ணிக்கொண்டே இருக்கிறார்கள். ஒருவர் 28-இல் நிறுத்திவிட்டு வேறு சுழற்சியில் முடித்தால், வெளியே வரும்போது பேச்சு முழுக்க அதுதான். எண்ணுவதற்குப் பதிலாக ஆடுபவரின் முகத்தைப் பாருங்கள். கறுப்பு அன்னம் இளவரசனை ஏமாற்றும் இடம் அது. சுழன்றுகொண்டே அவனைச் சிரித்து வளைக்கிறாளா, பல்லைக் கடித்துக்கொண்டு ஒப்பேற்றுகிறாளா என்பதில்தான் அந்தக் காட்சியின் உயிர் இருக்கிறது.

தனி ஆட்டக்காரர்களை விட்டுவிட்டு 'கோர் த பாலே'யைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?

கோர் த பாலே என்றால் கூட்டமாக ஆடுபவர்கள். அதில் ஆடும் பெண்கள்தான் இந்தக் குழுவின் பெருமை என்று நான் நினைக்கிறேன். 'லா பயாதேர்' பாலேயின் மூன்றாம் அங்கத்தைப் பாருங்கள். இருட்டு மேடையின் பின்னால் ஒரு சாய்தளம். வெள்ளை உடையில் ஒரு பெண் இறங்குகிறாள். ஒரு காலில் நின்று முன்னால் சாய்ந்து மற்ற காலைப் பின்னால் நீட்டுகிறாள், நிமிர்ந்து முதுகை வளைத்துக் கையை உயர்த்துகிறாள், இரண்டு எட்டு வைக்கிறாள். அவள் பின்னால் இன்னொருத்தி, அதே அசைவு. அப்படி 32 பேர். முதலில் வந்தவள் அந்த ஒரே அசைவை முப்பது தடவைக்கு மேல் செய்து முடித்த பிறகுதான் கடைசிப் பெண் சமதளத்துக்கு வருகிறாள். யாராவது ஒருத்தியின் கணுக்கால் நடுங்கினால் அரங்கம் முழுக்கத் தெரிந்துவிடும். ஒன்றும் நடக்காத மாதிரி தெரியும் இந்தக் காட்சி பாலேயிலேயே மிகக் கடினமானவற்றில் ஒன்று.

ஜிசெல்லின் இரண்டாம் அங்கத்திலும் இப்படி ஓர் இடம் வரும். காதலில் ஏமாந்து கல்யாணத்துக்கு முன்பே இறந்துபோன பெண்களின் ஆவிகள் இரண்டு அணியாகப் பிரிந்து, ஒற்றைக் காலில் சின்னதாகத் தத்தித் தத்தி எதிரெதிராக நகர்ந்து, ஒருவரை ஒருவர் ஊடுருவிக் கடந்து போவார்கள். இசையையும் மீறிக் கைதட்டல் கிளம்புகிற இடம் அது. அதே சமயம், இருபதுக்கும் மேற்பட்ட பாயிண்ட் ஷூக்கள் ஒன்றாகத் தரையைத் தட்டும் 'டக் டக்' சத்தம் ஆவிகளுக்குப் பொருந்தவில்லை என்று குறைப்படுபவர்களும் உண்டு. ஷூவின் முனை அட்டையும் துணியும் பசையும் சேர்த்துக் கெட்டியாக்கியது. புதிது என்றால் சத்தம் அதிகம் வரும், அதனால்தான் ஆடுபவர்கள் அதை வளைத்து, தரையில் அடித்து, பதப்படுத்திவிட்டுப் போடுகிறார்கள்.

பரதநாட்டியம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது பிடிக்குமா?

பிடிக்கும், கொஞ்சம் பொறுமை வேண்டும். முழங்காலையும் பாதத்தையும் வெளிப்பக்கம் திருப்பி நிற்பது இரண்டிலும் உண்டு. நாம் அரைமண்டியில் தரையை நோக்கி இறங்குகிறோம், அவர்கள் அதே திருப்பத்தோடு மேலே எழும்புகிறார்கள். நம் அபிநயத்தில் கண்ணும் விரலும் சொல்வதை அங்கே முதுகும் கழுத்தும் சொல்கின்றன. அதனால் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் பாதிக் கதை போய்விடும்.

நம் பக்கத்துத் தொடர்பு ஒன்று உண்டு. 1838-இல் புதுச்சேரிக்கு அருகிலுள்ள திருவந்திபுரத்திலிருந்து கோயில் நடனக் கலைஞர்கள் பாரிஸுக்குப் போய் ஆடினார்கள். அவர்களில் ஒருவர் அம்மணி. அவரது ஆட்டத்தைப் பார்த்து மயங்கி எழுதியவர்களில் ஒருவர் தியோஃபில் கோத்தியே என்ற கவிஞர். மூன்று வருடம் கழித்து, 1841-இல், இதே பாரிஸ் ஓபராவில் அரங்கேறிய ஜிசெல்லின் கதையை எழுதிய இருவரில் அவரும் ஒருவர். இந்தியக் கோயில் நடனப் பெண்ணின் கதை என்று சொல்லிக்கொள்ளும் 'லா பயாதேர்' 1877-இல் ரஷ்யாவில் உருவானது. அதில் இருக்கும் இந்தியா கற்பனை இந்தியா. குடத்தைத் தலையில் வைத்து ஆடுவதையும் பக்கிரிகள் துள்ளுவதையும் பார்த்துச் சங்கடப்படுகிற தமிழர்களை எனக்குத் தெரியும். அந்தச் சங்கடம் நியாயமானது. அந்த 32 பெண்கள் நிழல்களாக இறங்கும் காட்சிக்காக நான் அதைத் தாங்கிக்கொள்கிறேன், எல்லோரும் தாங்கிக்கொள்ள வேண்டும் என்றில்லை.

கைதட்டலை வைத்துத் தரத்தைக் கணிக்கலாமா?

ஓரளவுக்குத்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதே ஓபராவில் கூலிக்குக் கைதட்டும் கூட்டம் இருந்தது. அதன் தலைவர் ஓகுஸ்த் லெவாஸ்ஸர், எந்த இடத்தில் எவ்வளவு தட்ட வேண்டும் என்று முன்கூட்டியே திட்டம் போட்டுக்கொண்டு வருவார். அதே காலத்தில் மரி தல்யோனி பெரியவரா, ஃபேனி எல்ஸ்லர் பெரியவரா என்று பார்வையாளர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றார்கள். தல்யோனி தரையில் படாமல் மிதப்பவர், எல்ஸ்லர் மண்ணில் காலூன்றிச் சூடேற்றுபவர். மேலே சொன்ன கோத்தியே எல்ஸ்லர் கட்சி. ஆளுக்கு ஒரு கருத்து என்பது இந்த ஓபராவுக்குப் புதிதல்ல.

இன்று கூலிக் கூட்டம் இல்லை. பாரிஸ் பார்வையாளர்கள் கடைசியில் தாளம் போட்டு ஒரே சீராகக் கைதட்டுவார்கள், அது மரியாதை. நடுவில் யாரும் எதிர்பார்க்காமல் வெடிக்கும் கைதட்டல்தான் அன்றைய ஆட்டத்தைப் பற்றி உங்களுக்கு ஏதாவது சொல்லும்.

நவீன படைப்புகளுக்குப் போகலாமா? கதையே இல்லை என்கிறார்களே.

தாராளமாகப் போகலாம். ஜெர்மன் நடன அமைப்பாளர் பீனா பௌஷின் 'வசந்தத்தின் சடங்கு' 1997-இல் இந்தக் குழுவுக்கு வந்தது. மேடை முழுக்கக் கரிய மண் கொட்டி அதில் ஆடுவார்கள். அரை மணி நேரத்தில் உடை, முகம், முடி எல்லாம் மண். கிரிஸ்டல் பைட் 2016-இல் இவர்களுக்காக அமைத்த 'சீசன்ஸ் கேனன்' 54 பேர் ஒரே உடலாக அலையடிப்பது. உணர்ச்சி இல்லை என்று குறை சொல்பவர்கள் இந்த இரண்டையும் பார்த்துவிட்டுப் பேசட்டும்.

பார்த்ததைப் பற்றி எழுத ஆசை. தொழில்நுட்பம் தெரியாமல் எழுதலாமா?

எழுதலாம். ஸ்டெப்பின் பிரெஞ்சுப் பெயர் தேவையில்லை. எந்த நாள், யார் ஆடினார், எங்கே உட்கார்ந்திருந்தீர்கள் என்று சொல்லிவிட்டு, கண்ணில் நின்ற ஓர் இடத்தை அப்படியே எழுதுங்கள். "அற்புதம்" என்று பத்துத் தடவை எழுதுவதைவிட, "பைத்தியம் பிடித்த காட்சியில் கலைந்த முடியோடு அவர் ஒரு பூவை எடுப்பது போல வெறுங்கையை மடக்கினார்" என்ற ஒரு வரி படிப்பவருக்கு அந்த இரவைக் காட்டிவிடும்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எடை, உயரம், தோல் நிறம் பற்றிய விமர்சனம் வேண்டாம். அவர்கள் தினமும் கண்ணாடி முன்னால் நின்று வேலை செய்பவர்கள், நாம் அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. ஆட்டத்தில் குறை இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.

விடைபெறும் நிகழ்ச்சி என்கிறார்களே?

இந்தக் குழுவில் ஓய்வு வயது 42. எத்வாலாக இருந்தாலும் சரி. ஓய்வூதிய ஏற்பாடு 1698-இலிருந்து வருகிறது. அதில் அரசு கை வைக்கப் பார்த்தபோது, 2019 டிசம்பர் 24-ஆம் தேதி ஆட்டக்காரர்கள் கார்னியே வாசலில், குளிரில், தெருவில் நின்ற மக்களுக்கு ஸ்வான் லேக்கின் ஒரு பகுதியை ஆடிக் காட்டினார்கள். விடைபெறும் இரவுக்கு எத்வால் தனக்குப் பிடித்த வேடத்தில் ஆடுவது வழக்கம். மத்தியூ கானியோ 2025 மார்ச் 1 அன்று 'ஒனேகின்' ஆடி முடித்துக்கொண்டார். இந்த நிகழ்ச்சிகளுக்கு டிக்கெட் கிடைப்பது கஷ்டம், அன்று வரும் கைதட்டல் இருபது வருட ஆட்டத்துக்குமாகச் சேர்த்து வருவது.

முதல் தடவை எதைப் பார்க்கலாம்?

ஜிசெல். இரண்டே அங்கம், இடைவேளையோடு சேர்த்து சுமார் இரண்டு மணி நேரம், கதை எளிது, அதை முதன்முதலில் அரங்கேற்றிய குழுவிடமே பார்க்கிறீர்கள். நூரியேவின் ஸ்லீப்பிங் பியூட்டி நீளமானது, அதை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் அதே ஜிசெல்லை வேறொரு ஜோடியோடு இன்னொரு நாள், விலை குறைந்த இருக்கையிலாவது, மறுபடி பாருங்கள். முதல் அங்கத்தின் கடைசியில் அவள் தாயின் கையைத் தேடும் இடத்தை இருவரும் எப்படிச் செய்கிறார்கள் என்று கவனித்தால், மற்றவர்கள் ஏன் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள் என்று யாரிடமும் கேட்க வேண்டியிருக்காது.